வராத காய்

வாழைக்காய் கிடைத்துவிட்டது. பூசணியில் ஒரு கீற்று, மண்ணோடு சேனைக்கிழங்கு, பாகற்காய், எல்லாம் கூடைக்குள் போய்விட்டன. இன்னும் ஒன்றுதான் பாக்கி, அது என்னவென்று தெரிந்தால் அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று பவளமணி கம்பம் உழவர் சந்தையின் இரண்டாவது வரிசையில், யாரோ தண்ணீர் தெளித்து வழுக்கலாகிப்போன சிமெண்டுத் தரையில், நகராமல் நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நாளைக்கு சுருளிவேலுக்கு வருஷத் திதி. அவள் புருஷன் போய் ஒரு வருஷம். அவருடைய ஒரே தங்கை ஜெயக்கொடி நேற்றே வந்து இறங்கி, அடுப்படியைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, உத்தரவு போட்டுவிட்டாள். "மதினி, தள்ளுவண்டிக் காயெல்லாம் ஆகாது. கேரட்டு, பீன்ஸு, கோசு எதுவும் அடுப்படிக்குள்ள வரக் கூடாது. செத்தவங்களுக்கு நம்ம மண்ணுல வெளஞ்சதத்தேன் படைக்கணும். சந்தைக்கே போயிருங்க. எல்லாம் வாங்கிட்டு அண்ணனுக்குப் பிடிச்ச காய் ஒண்ணு வாங்கணும், அதுதேன் முக்கியம், மறந்துறாதீங்க." மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். தலையாட்டுவது ஒரு வருஷமாக நன்றாக வருகிறது. யார் என்ன சொன்னாலும் கழுத்து தானாக ஆடிவிடுகிறது, உள்ளே இருக்கிற ஆளைக் கேட்பதில்லை. உள்ளே ஆள் இருக்கிறதா என்பதே சந்தேகம். கார்த்திகைக் குளிர் கிழக்கே மலையிலிருந்தோ மேற்கே மலையிலிருந்தோ இறங்கிக்கொண்டிருந்தது, எல்லாரும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள், அவளுக்குக் குளிரவில்லை. குளிர்கிறதென்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பதினாறாம் நாள் காகம் வராமல் போனதே, அதை நினைக்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறாள். மொட்டை மாடியில் இலை போட்டு, சோறு பருப்பு பாயசம் வடை என்று வைத்து, எல்லாரும் கா கா என்று கத்திவிட்டுப் பின்வாங்கி நின்றார்கள். ஒரு காகமும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து இலையைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த வடகத்தைக் கொத்தப் போய்விட்டன. வெயில் ஏறியது. ஜெயக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அண்ணனுக்கு ஏதோ கொறையிருக்கு. மதினி, அவருக்கு என்னா பிடிக்கும்? சொல்லுங்க, செஞ்சு வைப்போம்." அந்த ஒரு கேள்விக்கு மாடியில் இருந்த அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து சோறு போட்டவள், அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். பவளமணி வாயைத் திறந்தாள். உள்ளே தேடினாள், அரிசிப் பானையில் கையை விட்டுத் துழாவுவதுபோல் தேடினாள், கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. "எல்லாம் பிடிக்கும்" என்றாள். வாயில் என்ன கொழுக்கட்டையா, ஒன்றைச் சொன்னால் என்ன என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தது இப்போதும் காதில் இருக்கிறது. எல்லாம் பிடிக்கும் என்றால் எதுவும் பிடிக்காது என்றுதானே பொருள், அல்லது சொல்கிறவள் கவனிக்கவே இல்லை என்று பொருள். கடைசியில் எல்லாரும் கீழே இறங்கிச் சாப்பிட உட்கார்ந்த பிறகு மேலே ஏதோ வந்து தின்றிருக்கிறது. காகம்தான் என்று ஜெயக்கொடி சொன்னாள். அணிலாகவும் இருக்கலாம். அதைப் பவளமணி யாரிடமும் சொல்லவில்லை.

"கத்தரிக்கா பாருங்கம்மா, இப்பப் பறிச்சது" என்றது ஒரு குரல். கத்தரிக்காய் அவருக்குப் பிடித்ததா? வாங்கி வருவார். வாரத்தில் இரண்டு தரம் வரும். சந்தைக்குப் போவது எப்போதும் அவர்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் பவளமணிக்குக் காய்ச்சல், அன்றைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவர், அப்புறம் கூடையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. மற்றப் பெண்கள் அதற்கே அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அவர் வாங்கி வருவதை அவள் சமைப்பாள், அவள் சமைப்பதை அவர் சாப்பிடுவார். அரைக்கிற கல்லும் ஆட்டுகிற குழவியும் மாதிரி அதுபாட்டுக்கு ஓடியது, நடுவில் ஒரு பேச்சு இருந்ததா என்று கேட்டால் இல்லை. கத்தரிக்காயை அவர் வாங்கியது தனக்குப் பிடித்தா, அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தா? அவளுக்குக் கத்தரிக்காய் சாப்பிட்டால் நாக்கு அரிக்கும். அவர் ஆசையாக வாங்கி வருகிறார் என்று அவளும் ஒருநாளும் சொன்னதில்லை. இப்படி எத்தனை காய் இருந்ததோ. நேற்று ராத்திரி மகள் கோமதி திருப்பூரிலிருந்து பேசியபோது கேட்டுப் பார்த்தாள். "அப்பாவுக்குத் தக்காளி ரசம்னா உசுரும்மா" என்றாள் மகள். அது உனக்குத்தான் உசுரு என்று இவள் சொல்லவில்லை. ஜெயக்கொடியைக் கேட்டால் பணியாரம் என்பாள், அவள் பார்த்த அண்ணன் அரைக்கால் சட்டை போட்டிருந்த அண்ணன். ஆளுக்கு ஒரு சுருளிவேலை வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் பழையதென்றாலும் வைத்திருக்கிறார்கள். இவளிடம்தான் முழு ஆளும் இருந்தார், இருந்தும் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை.

பேசாத மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. சாயங்காலம் வந்து கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வார். ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, அமில பாட்டிலைத் துடைத்து அடுக்கிவைக்கிற வேலை. பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்கிற பாடம், இங்கே எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது. அந்தப் பாடத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாரோ என்று அவள் ஒருமுறை கேலி செய்திருக்கிறாள். உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். அந்தக் கேலிக்குச் சிரித்தார். சிரித்தாரா? சிரித்த மாதிரித்தான் நினைவு. கடைசி நாள் மத்தியானம் புடலங்காய்க் கூட்டு. இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கரண்டியை எடுத்துப் போனாள், இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து "போதும்" என்றார். கை கழுவ எழுந்து போனவர் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்ன கடைசி வார்த்தை அந்தப் போதும்தான். வந்தவர்களிடம் அதைச் சொன்னபோது, என்னவொரு நிறைவான சாவு, போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று உச்சுக்கொட்டினார்கள். அவர் கூட்டைத்தான் போதும் என்றார். ஒருவேளை புடலங்காய் பிடிக்காதோ. பிடிக்காததையா கடைசியாகப் போட்டேன். இந்த இடத்துக்கு வந்தால் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் சீலை முள்ளில் மாட்டியதுபோல் நின்றுவிடும், இழுத்தால் கிழியும் என்று தெரிந்து இழுக்காமல் நின்றுவிடும். அழுகை வரவேண்டிய இடம் அது. வருவதில்லை. வரட்டும் என்று உட்கார்ந்துகூடப் பார்த்திருக்கிறாள். நாக்கும் அப்படியே போய்விட்டது, காரம் தெரிவதில்லை, உப்புத் தெரிவதில்லை, நேற்று வந்து இறங்கியதும் இவள் வைத்திருந்த குழம்பை வாயில் வைத்த ஜெயக்கொடி எழுந்து போய்ச் சோற்றை அள்ளிக் கூடுதலாகப் போட்டுக்கொண்டாள்.

வெண்டைக்காய் அடுக்கியிருந்த மேடையைத் தாண்டினாள். முருங்கை, கோவைக்காய், பீர்க்கை. கயையிலே அவர் விட்ட காய் எதுவாக இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. அங்கே ஆலமரத்தடியில் பிண்டம் வைத்த பிறகு ஒரு காயும் ஒரு பழமும் விட்டுவிட வேண்டும், அதை இந்தப் பிறவியில் திரும்பத் தொடக் கூடாது, அதுவும் ரொம்பப் பிடித்ததாக இருக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊர்க்காரர்களோடு சேர்ந்து போனார்கள், அவருடைய அப்பா அம்மாவுக்குச் செய்வதற்காக. ரயிலிலேயே பெண்களுக்குள் பேசி முடிவாகிவிட்டது. பிடிக்காத காயாகப் பார்த்துச் சொல்லிவிடுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள். பாதிப் பேர் பாகற்காயை விட்டார்கள். பவளமணி கொத்தவரங்காய் என்றாள், அந்த அசட்டுக் காய் இல்லாமல் ஒரு குறையும் வரவில்லை. அவர் சத்தமாகச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். திரும்பி வருகிற வழியில் என்ன விட்டீர்கள் என்று கேட்டாள். "விட்டது விட்டதுதான், அத எதுக்குப் பேசிக்கிட்டு" என்றார். அவரும் நம்மைப் போலத்தான் ஏதோ சுரைக்காயை விட்டிருப்பார், சொல்ல வெட்கம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிப்போனாள். அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே, இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டார். ஆனாலும் கேட்டவள் என்றாவது ஆகியிருக்கும்.

விட்டது எதுவோ அதுதான் பிடித்தது. அப்படியானால் கணக்கு லேசு, ஊர் திரும்பிய பிறகு வீட்டுக்கு வராத காய் எது என்று பார்த்தால் போதும். சந்தைக்குப் போனவர் அவர், விட்ட காயை அவர் வாங்கியிருக்க மாட்டார், அவர் வாங்காதது அவள் அடுப்புக்கு வந்திருக்காது. கத்தரி வந்தது. வெண்டை வந்தது. முருங்கை பக்கத்து வீட்டுக்காரி கொடுப்பாள். பீர்க்கங்காய் வந்தது, அதன் தோலில் துவையல் அரைத்தது நினைவிருக்கிறது. மொச்சை வந்தது, தட்டைப்பயறு வந்தது. வந்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது, வராததுதான் வரமாட்டேன் என்றது. வராத ஒன்றை எப்படி நினைவில் தேடுவது? வந்த ஆளை நினைவிருக்கும், கல்யாண வீட்டில் வராத ஆளை யாராவது எடுத்துச் சொன்னால்தானே தெரியும். நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு பயம் புறப்பட்டது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று புறப்பட்டது, அது பயமாக இருந்ததில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாளைக்கும் காகம் வராது. நாளைக்கும் ஜெயக்கொடி திரும்பிப் பார்ப்பாள். கோமதி இருப்பாள், மருமகன் இருப்பார். எல்லாம் பிடிக்கும் என்று இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருக்கும், இந்தத் தடவை யாரும் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். இவள் யாரோடு இத்தனை காலம் இருந்தாள் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார்கள். அதையேதான் அவளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பேசாமல் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு போய் இதுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டால் என்ன? யார் மறுக்கப் போகிறார்கள்? செத்தவர் வந்து மறுப்பாரா? காகம் மறுக்கும். அதுதான் கஷ்டம்.

விரல் நுனியில் படக்கென்று ஏதோ முறிந்தது. குனிந்து பார்த்தாள். எந்தக் கடை முன்னால் நிற்கிறோம் என்றே தெரியாமல் நின்று, கை பாட்டுக்கு ஒரு காயை எடுத்து ஒடித்திருக்கிறது. அவரைக்காய். இளம்பிஞ்சு, ஓரத்தில் ஊதாக் கோடு ஓடிய நாட்டு அவரை, நாரில்லாமல் முறிந்திருந்தது.

"ஒடிக்காதீங்கம்மா" என்றாள் கடைக்காரி. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு சுற்றியிருந்தாள். சுருளிப்பட்டிப் பக்கத்துக்காரி என்று மேடையில் ஒட்டியிருந்த அட்டை சொன்னது. "ஒடிச்சா வாங்கணும்."

"தெரியாம ஒடிச்சிட்டேன்."

"தெரியாம யாரு ஒடிக்கிறா. எனக்குன்னு வந்து வாய்க்கிறாங்க." கோபமாகச் சொல்லவில்லை, தராசைத் துடைத்துக்கொண்டே அலுப்பாகச் சொன்னாள். "இப்பிடித்தேன் ஒரு சாரு வருவாரு. ஒல்லியா, சட்டைப்பையில கண்ணாடி வச்சுக்கிட்டு, இதே மாதிரி நீல ஒயர்க் கூடை. எல்லாக் கடையிலயும் வாங்கி முடிச்சிட்டுக் கடைசியா எங்கிட்ட வந்து நிப்பாரு. ஒரு காய எடுப்பாரு, ஒடிப்பாரு, மோந்து பாப்பாரு. வச்சிட்டுப் போயிருவாரு. ஒரு நா வாங்குனதில்ல."

பவளமணி கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். ஊரில் பாதிப் பேர் நீல ஒயர்க் கூடைதான் வைத்திருக்கிறார்கள்.

"ஒரு வாட்டி ஏசிப்புட்டேன். என்னா சாரே, வாங்காதவருக்கு மோப்பம் எதுக்கு, பிடிக்கலைன்னா விட்டுட்டுப் போகவேண்டியதுதானேன்னு கேட்டேன். பிடிக்கும்னாரு."

"என்ன சொன்னாரு?"

"பிடிக்கும்னாரும்மா. அம்புட்டுத்தேன். பிடிக்குதுன்னா வாங்கு, வாங்கலைன்னா போ. அதுக்கப்பறம் நானே ஒடசலா ஒண்ணு எடுத்து ஓரமா வச்சிருவேன், வந்தா மோந்துட்டுப் போகட்டும்னு. என்னா செய்யிறது, சில பேரு அப்பிடி."

பிடிக்கும். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்திருக்கிறது. இந்தச் சிமெண்டு மேடைக்கு முன்னால், மண்ணும் ஈரமுமாகக் கிடக்கிற இந்த இடத்தில், யாரோ ஒருத்தி ஏசியபோது வந்திருக்கிறது. தன்னிடம் வரவில்லையே என்று ஒரு எரிச்சல் எழுந்து, எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது, ஏனென்றால் இவள் கேட்டிருக்கிறாளா? இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டிருக்கிறாள். அவள் கேட்டதெல்லாம் அதுதான், அதற்கு அவர் பதிலும் சொல்லியிருக்கிறார், போதும் என்று, இல்லையென்றால் கையைக் குறுக்கே வைக்காமலே இருந்து. அவரைக்காய்ப் பொரியல் அன்றைக்கு அந்தக் கை குறுக்கே வந்ததா? தேங்காய்ப்பூப் போட்டு, கடுகு வெடித்து, கயைக்குப் போவதற்கு முந்தின காலத்தில், ஒவ்வொரு பனிக்காலமும் கூடை நிறையக் கொண்டுவந்து கொட்டுவாரே, அலுத்துப்போய் அவள்தானே முகத்தைச் சுளித்தாள், என்ன தினமும் இதையே என்று. கை குறுக்கே வரவில்லை. வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. இரண்டாம் தரம் வைத்தபோதும் வரவில்லை. நிஜமாகவே வரவில்லையா, இப்போது வேண்டும் என்பதால் அவளே அந்தக் கையை இலையிலிருந்து எடுத்துவிடுகிறாளா என்று சொல்லமுடியவில்லை. ஆனால் இன்னொன்றைச் சொல்லமுடியும். ஆறு வருஷமாக அந்த வீட்டுக்குள் அவரைக்காய் வரவில்லை. ஆறு பனிக்காலம். அவள் ஒருநாளும் கேட்கவில்லை, ஏன் அவரைக்காய் வாங்குவதே இல்லை என்று. கொத்தவரங்காயை விட்டுவிட்டு அவள் ஜம்மென்று தூங்கிக்கொண்டு வந்த ரயிலில், பக்கத்தில் ஒரு மனுஷன் நிஜமாகவே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பிடித்ததை விடு என்றார்கள், பிடித்ததை விட்டார். அப்பா அம்மாவுக்கு என்று சொன்னதில் அவருக்கு ஏமாற்றத் தெரியவில்லை. விட்டுவிட்டு வாராவாரம் இங்கே வந்து நின்று மோந்துவிட்டுப் போயிருக்கிறார். தின்னக் கூடாதென்றுதானே சொன்னார்கள், மோக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை.

கையிலிருந்த இரண்டு துண்டையும் மூக்குக்கருகே கொண்டுபோனாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கிட்டே வைத்தாள். பச்சையாக, லேசாக, மழை நின்ற கொல்லை மாதிரி ஒரு வாடை, இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தது. விட்டதைப் படைக்கலாமா என்று ஜெயக்கொடி கேட்பாள். கேட்கட்டும். அவர் விட்டது இந்தப் பிறவிக்குத்தானே. பிறவி முடிந்து ஒரு வருஷம் ஆகிறது.

"இப்ப அந்த ஆளக் காணோம்" என்றாள் கடைக்காரி. "வேற சந்தைக்குப் போறாரு போல. பனி எறங்கிருச்சு, காயி இப்பத்தேன் ருசியா இருக்கு. உங்களுக்கு எவ்வளவும்மா?"

"கூடை நிறையப் போடுங்க."

கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். கூடையைப் பார்த்தாள், அப்புறம் பவளமணியின் வெறும் கழுத்தையும் நெற்றியையும் பார்த்தாள். குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். முற்றலாக ஒன்று வந்தது, அதைப் பொறுக்கி வெளியே போட்டாள். "வீட்ல விசேஷங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா" என்றாள் பவளமணி. "நாளைக்கு அவரு சாப்பிட வர்றாரு."